குழந்தையை ஏன் தூக்கிட்டுப் போனாங்க?

கரூரில் விஜய்யின் கட்சிக் கூட்டத்தில் நெரிசல் நடந்த அன்று, 2025 செப்டம்பர் 27 சனிக்கிழமை இரவு, எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நான் ஒரு செய்தி போட்டேன். அழிக்காமல் வைத்திருக்கிறேன். "கைக்குழந்தையை எல்லாம் ஏன் தூக்கிட்டுப் போனாங்க? அறிவு வேணாமா?" அதற்குக் கீழே பதினொரு கட்டைவிரல்கள். ஒரு மாமா மட்டும் "அதானே" என்று எழுத்தாலேயே ஆமோதித்திருந்தார்.

டிவியில் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்த நேரம் அது. எங்கள் ஊர் முசிறி. கரூர் எங்களுக்கு பஸ்ஸில் ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் வந்துவிடும் ஊர். அந்த வேலுசாமிபுரம் சாலை எவ்வளவு அகலம், அந்த இடத்தை யார் கேட்டார்கள், யார் கொடுத்தார்கள், ஜனம் எத்தனை மணியிலிருந்து வெயிலில் நின்றது, ஒன்றுமே எனக்குத் தெரியாது. ஆனால் கேள்வி மட்டும் தயாராக இருந்தது. செத்தவர்களைப் பார்த்துக் கேட்கிற கேள்வி.

இதில் எனக்குத் தனியாக ஒரு வெட்கம் உண்டு. இந்தக் கேள்வி எப்படி வேலை செய்யும் என்று பாடம் நடத்திய ஊரில் நான் இரண்டு வருடம் இருந்திருக்கிறேன்.

2014இல் கம்பெனி வேலையாக லிவர்பூல் போனேன். வாடகை வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு மூலைக் கடை. பால், பிரெட், சிகரெட், லாட்டரிச் சீட்டு, பத்திரிகை. கடைக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். நான் தமிழ் என்று தெரிந்த முதல் நாளே ஒரு மாம்பழ ஜூஸ் இலவசம். அடுத்த முறை போனபோது பத்திரிகை அடுக்கைப் பார்த்துவிட்டு, "அண்ணை, தி சன் இல்லையா?" என்று கேட்டேன். (நம்ம ஊர் சன் இல்லை, இது லண்டன் பத்திரிகை, படமும் கிசுகிசுவும் பந்து விளையாட்டுமாக லட்சக்கணக்கில் விற்ற பேப்பர்.) லண்டனில் இறங்கிய இரண்டு நாளில் அதை எல்லார் கையிலும் பார்த்திருந்தேன், அவ்வளவுதான்.

எனக்குப் பின்னால் பால் கேனோடு நின்ற வெள்ளைக்காரப் பாட்டி என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் பேசியது தமிழ். அதில் அவருக்குப் புரிந்தது அந்த ஒரு சொல்தான்.

அவர் போகும்வரை கடைக்காரர் வாயே திறக்கவில்லை. அப்புறம் சொன்னார்: "தம்பி, இந்த ஊரில அந்தப் பேப்பரைக் கேக்கக் கூடாது. நான் கடை எடுத்த முதல் கிழமை தெரியாம ஒரு கட்டு எடுத்து வச்சன். ஒரு கிழவன் வந்தான். ஒண்டும் கதைக்கேல்லை. அவ்வளவு பேப்பரையும் தூக்கிக்கொண்டு போய் வெளியில இருக்கிற குப்பைத் தொட்டிக்குள்ள போட்டான். திரும்பி வந்து, அத்தனைக்கும் காசை எண்ணி மேசையில வச்சிட்டுப் போயிட்டான்."

அந்தக் காசு எண்ணி வைத்ததை அவர் சொன்ன விதம் எனக்கு மறக்கவே இல்லை. கடைக்காரன் மேல் கோபமில்லை, அவனுக்கு நட்டம் வரக் கூடாது. கோபம் யார் மேல் என்பதில் அந்தக் கிழவருக்கு ஒரு குழப்பமும் இல்லை.

1989 ஏப்ரல் 15. அதுவும் சனிக்கிழமைதான். ஷெஃபீல்ட் நகரத்தில் ஹில்ஸ்பரோ மைதானம். இங்கிலாந்தின் எஃப்.ஏ. கால்பந்துக் கோப்பை அரையிறுதி, லிவர்பூலுக்கும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டுக்கும். லிவர்பூல் ரசிகர்களுக்கு ஒதுக்கியது லெப்பிங்ஸ் லேன் பக்கம். நின்று பார்க்கும் டிக்கெட் வாங்கிய பத்தாயிரம் பேருக்கு அங்கே ஏழே ஏழு சுழல் கதவுகள். ஆட்டம் மூன்று மணிக்கு. இரண்டரைக்கெல்லாம் வெளியே மூச்சுவிட இடமில்லை. 2.52க்கு, போலீஸ் பொறுப்பதிகாரி டேவிட் டக்கன்ஃபீல்ட் உத்தரவின்பேரில், வெளியேறும் கதவு ஒன்றைத் திறந்தார்கள். சுமார் இரண்டாயிரம் பேர் உள்ளே போனார்கள். எதிரே ஒரு சுரங்கப்பாதை. அதன் முடிவில், நின்று பார்ப்பதற்காகக் கம்பி போட்டுப் பிரித்த, ஏற்கெனவே நிரம்பி வழிந்த இரண்டு அடைப்புகள். முன்னால் கம்பி வேலி. சுரங்கப்பாதையை மூடி, கூட்டத்தைப் பக்கவாட்டு அடைப்புகளுக்குத் திருப்பிவிட ஒரு ஆள் நின்றிருந்தால் போதும். யாரும் நிற்கவில்லை. ஆட்டம் தொடங்கி ஆறாவது நிமிடத்தில் நிறுத்தப்பட்டது. மொத்தம் 97 பேர் இறந்தார்கள். அந்த 97ஆவது ஆள், அன்றைய காயத்தோடு 32 வருடம் வாழ்ந்து 2021இல் இறந்தவர்.

அந்தப் போலீஸ் அதிகாரிக்கு அந்தப் பொறுப்பு கிடைத்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. திறமைக் குறைவு என்று விட்டுவிடலாம். எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் மூன்றேகால் மணி வாக்கில், ஆட்களைப் புல்தரையில் கிடத்தி மார்பை அழுத்திக்கொண்டிருந்த நேரத்தில், விவரம் கேட்டு வந்த கால்பந்து சங்க அதிகாரியிடம் அவர் சொன்னார்: ரசிகர்கள் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்கள். தான் திறக்கச் சொன்ன கதவு! அந்தத் தகவல் அன்றைக்கே செய்தியில் போய்விட்டது. அது பொய் என்று அவர் நீதிமன்றத்தில் வாயால் ஒப்புக்கொண்டது 2015இல்.

இறந்தவர்களை மைதானத்தின் உடற்பயிற்சிக் கூடத்தில் வரிசையாகக் கிடத்தினார்கள். தேடி வந்த அப்பா அம்மாக்களுக்கு முதலில் போலராய்டு போட்டோக்களைக் காட்டி, அடையாளம் சொன்னதும், மேசை போட்டு உட்கார்ந்திருந்த போலீஸ்காரர்கள் விசாரித்தார்கள்: பையன் குடிப்பானா? இன்றைக்கு எவ்வளவு குடித்தான்? இறந்த அத்தனை பேர் உடலிலும் சாராய அளவு பார்க்க ரத்தம் எடுத்தார்கள். அதில் பத்து வயதுப் பையனும் உண்டு. ரத்தத்தில் கொஞ்சம் சாராயம் தெரிந்தவர்களின் பெயர்களைப் போலீஸ் கணினியில் போட்டு, பழைய குற்றப் பதிவு ஏதாவது இருக்கிறதா என்றும் தேடியிருக்கிறார்கள். பத்து வயதுப் பையனின் ரத்தத்தைக் குழாயில் எடுத்த கையைப் பற்றி நான் அடிக்கடி நினைப்பதுண்டு. அந்த ஆளுக்கு உத்தரவு, செய்தார். ஆனால் அந்தக் குழாய்க்குள் இருந்தது ஒரு கேள்வி. பதில் என்ன வந்தாலும் கேட்டவரைக்கும் லாபம்.

நாலு நாள் கழித்து, ஏப்ரல் 19 புதன்கிழமை, தி சன் முதல் பக்கத்தில் ஆள் உயர எழுத்தில் 'உண்மை' என்று தலைப்பு. கீழே மூன்று குற்றச்சாட்டு: ரசிகர்கள் பிணங்களின் பையில் கைவிட்டுத் திருடினார்கள், போலீஸ்காரர்கள் மேல் சிறுநீர் கழித்தார்கள், உயிர்காக்க வாயில் ஊதிக்கொண்டிருந்த காவலரை அடித்தார்கள். மூன்றும் பொய். எங்கிருந்து வந்தது? பெயர் சொல்லாத போலீஸ்காரர்கள் ஷெஃபீல்டில் ஒரு செய்தி ஏஜென்சியிடம் சொன்னது. உள்ளூர் ஆளுங்கட்சி எம்.பி. ஒருவர் அதையே வழிமொழிந்தார். ஏஜென்சி எல்லாப் பத்திரிகைகளுக்கும் அனுப்பியது. வேறு சில பத்திரிகைகளும் போட்டன. ஆனால் அவை 'போலீஸ் குற்றச்சாட்டு' என்ற மாதிரி ஒரு வாலை ஒட்டி வைத்தன. கெல்வின் மெக்கென்சி ஆசிரியராக இருந்த சன் அந்த வாலையும் வெட்டிவிட்டது.

அந்த வால் இருந்தால் மட்டும் என்ன பெரிதாக ஆகியிருக்கும் என்றும் தோன்றுகிறது. நம் செய்திகளில் தினம் வருகிறதே, 'என்று கூறப்படுகிறது'. யார் கூறினார்கள்? எஸ்.ஐ. கூறினார். கான்ஸ்டபிள் கூறினார். இன்ஸ்பெக்டர் அறையில் டீ குடிக்கும்போது கூறினார். நிருபரைக் குறை சொல்லி முடியாது. ராத்திரி பதினொரு மணிக்குள் செய்தி போகவேண்டும், அந்த நேரத்தில் போனை எடுக்கிற ஒரே ஆள் போலீஸ்காரர்தான். பிள்ளையைப் பறிகொடுத்தவர் போன் எடுக்க மாட்டார். எடுத்தாலும் முழு வாக்கியம் வராது. அதனால் முதல் நாள் கதையை எழுதுகிறவர், பெரும்பாலும், அந்தக் கதையில் மாட்டிக்கொள்ளக்கூடிய ஆளாகவே இருக்கிறார். இதற்குப் பெரிய சதியெல்லாம் தேவைப்படுவதில்லை.

சரி, இங்கிலாந்து மக்கள் ஏன் நம்பினார்கள்? அதற்கு நான்கு வருடம் பின்னால் போகவேண்டும். 1985இல் பிரஸ்ஸல்ஸ் நகரத்து ஹெய்சல் மைதானத்தில் 39 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் இத்தாலியர்கள். அதில் லிவர்பூல் ரசிகர்களின் ரௌடித்தனத்துக்கு உண்மையிலேயே பங்கு உண்டு. இங்கிலாந்து அணிகளை ஐரோப்பியப் போட்டிகளிலிருந்தே விலக்கிவைத்தார்கள். மார்கரெட் தாட்சர் அரசு, கால்பந்து பார்க்கப் போகிறவன் எல்லாம் அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் கொண்டுவர முனைந்திருந்தது. அந்தக் கம்பி வேலி இருந்ததே ரசிகர்களை அடைத்து வைக்கத்தான். அதோடு லிவர்பூல் வேலையில்லாத ஊர், துறைமுகம் செத்த ஊர், தாட்சருக்கு ஓட்டுப் போடாத ஊர். எங்கள் பக்கம் வாய்க்காலில் தண்ணீர் வரும்போது மடை திருப்பப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். மண்வெட்டியால் நாலு வெட்டு, பள்ளம் இருக்கிற பக்கம் அதுவே ஓடும். பள்ளம் ஏற்கெனவே வெட்டியிருந்தது.

தாட்சர் மறுநாளே மைதானத்துக்கு வந்தார். கூடவே வந்த அவருடைய பத்திரிகைச் செயலாளர் பெர்னார்ட் இங்காம், பல வருடம் கழித்துக்கூட, குடித்துவிட்டு வந்த கும்பல்தான் காரணம் என்று கடிதத்தில் எழுதினார், கடைசிவரை மாற்றிக்கொள்ளவில்லை. அன்றைக்கு அங்கே போலீஸ் அவரிடம் என்ன சொன்னதோ அதுதான் அவருக்கு ஆயுசுக்கும் உண்மை.

எனக்கு இதில் மிகவும் உறுத்துகிற விஷயம் வேறு. உண்மை வெளிவர 27 வருடம் ஆனது என்று பலரும் எழுதுகிறார்கள். ஆகவே இல்லை. நாலே மாதத்தில் வந்துவிட்டது. நீதிபதி டெய்லர் 1989 ஆகஸ்டிலேயே இடைக்கால அறிக்கை கொடுத்தார்: முக்கியக் காரணம் போலீஸ் கூட்டத்தைக் கையாண்ட விதம், குடிபோதைக் கதைக்கு அடிப்படை இல்லை. அரசாங்கமே நியமித்த நீதிபதி, அச்சிட்ட அறிக்கை, கடையில் விலைக்குக் கிடைக்கும். என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை. ஆகஸ்டில் அந்தக் கோபம் வற்றிவிட்டது. அறிக்கையைப் படிக்கிறவன் ஏப்ரலில் கத்தினவன் அல்ல. 1991இல் மரண விசாரணை 'விபத்து' என்று தீர்ப்புச் சொன்னது. மூன்றேகால் மணிக்கு மேல் நடந்த எதையும் பார்க்கவே மாட்டேன் என்று அந்த விசாரணை அதிகாரி கோடு போட்டுவிட்டார். அந்த நேரத்துக்குள் எல்லாரும் செத்துப்போனார்கள் அல்லது பிழைக்க முடியாத நிலைக்குப் போய்விட்டார்கள் என்பது அவர் கணக்கு.

2009இல் இருபதாம் ஆண்டு நினைவுநாள். லிவர்பூல் அணியின் ஆன்ஃபீல்ட் மைதானத்தில் பேச வந்த அமைச்சர் ஆண்டி பர்னமைப் பேசவிடாமல் கூட்டம் நீதி கேட்டுக் கத்தியது. அதற்குப் பிறகுதான் பிஷப் ஜேம்ஸ் ஜோன்ஸ் தலைமையில் ஒரு குழு. 4,50,000 பக்க ஆவணங்கள். 2012 செப்டம்பர் 12 அன்று அறிக்கை. போலீஸ்காரர்கள் எழுதிய வாக்குமூலங்களில் 164 திருத்தப்பட்டிருந்தன. 116இல் போலீஸ் மீதான குறைகள் நீக்கப்பட்டிருந்தன. நேரத்தில் சிகிச்சை கிடைத்திருந்தால் 41 பேர் வரை பிழைத்திருக்க வாய்ப்பு இருந்தது. பிரதமர் கேமரன் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். மறுநாள் சன் பத்திரிகையின் தலைப்பு: 'நிஜமான உண்மை'. அப்போதும் அந்தச் சொல்லை விட அவர்களுக்கு மனம் வரவில்லை.

பழைய தீர்ப்பு ரத்தாகி, 2014இலிருந்து வாரிங்டனில் புது விசாரணை நடந்தது. நான் லிவர்பூலில் இருந்த காலமும் அதுவும் ஒன்று. கடையில் அதைப் பற்றி யாராவது பேசாத நாளில்லை. கடைக்காரர் அண்ணைக்கு எந்த சாட்சி எந்தக் கேள்விக்குத் திணறினார் என்பதெல்லாம் தலைகீழ்ப் பாடம். 2016 ஏப்ரல் 26 அன்று ஜூரி சொன்னது: சட்டத்துக்குப் புறம்பாகக் கொல்லப்பட்டார்கள், ரசிகர்கள் மேல் தவறில்லை. அடுத்த நாள் மாலை ஆபீஸ் முடிந்து வரும்போது செயின்ட் ஜார்ஜ் மண்டபத்தின் தூண்களுக்கு இடையே இரண்டு பெரிய பதாகைகள், ஒன்றில் 'உண்மை', மற்றதில் 'நீதி'. ஜனம் சாலை முழுக்க. என் பக்கத்தில் நின்ற ஆள், சிவப்பு மஃப்ளர், அறுபது வயதிருக்கும், பாட்டைப் பாடிக்கொண்டே இருந்தவர் நடுவில் நிறுத்திவிட்டு மூக்கைச் சிந்தினார், பிறகு விட்ட இடத்திலிருந்து பாடினார்.

மறுநாள் கடையில் நான் கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டு, "ஜெயிச்சிட்டாங்க அண்ணை" என்றேன். அவர் சில்லறையை அடுக்கிக்கொண்டே சொன்னார்: "பேப்பரை வாங்காம விடலாம் தம்பி. பொலிசை என்ன செய்யிறது?"

அப்போது அது வெறும் சலிப்பாகத் தோன்றியது. 2019 நவம்பரில் டக்கன்ஃபீல்ட் குற்றமற்றவர் என்று ஜூரி விடுவித்தபோது புரிந்தது. வாக்குமூலம் திருத்திய வழக்கும் 2021இல் விழுந்துவிட்டது: டெய்லர் விசாரணை சட்டப்படி நீதிமன்றம் ஆகாதாம், அதனால் அதற்குக் கொடுத்த வாக்குமூலத்தைத் திருத்தினால் நீதியைக் கெடுத்ததாகாதாம். 97 உயிருக்குத் தண்டனை பெற்றவர் மொத்தம் ஒரே ஆள், மைதானத்தை நடத்திய கிளப்பின் செயலாளர். சுழல் கதவு ஏற்பாட்டில் குறைக்காக 6,500 பவுண்டு அபராதம். யோசித்துப் பார்த்தால் அந்த ஊரின் நியாயமான கோபம்கூட, எட்டுகிற இடத்தில்தான் போய் உட்கார்ந்தது. பத்திரிகைக் கட்டு எட்டுகிற உயரத்தில் இருந்தது.

ஊரே சன் பத்திரிகையைப் புறக்கணித்தது வீண் என்று சொல்லவரவில்லை. அந்தப் பத்திரிகை வீட்டுக்குள் வராததால் லிவர்பூல் வட்டாரமான மெர்சிசைடு மக்களிடம் ஐரோப்பிய ஒன்றிய எதிர்ப்பு குறைந்தது என்று இரண்டு அரசியல் அறிஞர்கள் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். தினம் ஒரே பத்திரிகை படிப்பதும் ஒரு பள்ளம் வெட்டும் வேலைதான் போலிருக்கிறது.

இனி கரூர். விசாரணை முடியாத விஷயம், தீர்ப்புச் சொல்ல நான் யாருமில்லை. 41 பேர் இறந்தார்கள். மதியமே வருவதாகச் சொல்லப்பட்ட விஜய் வந்தபோது இரவு ஏழு தாண்டிவிட்டது. அன்றிரவே அரசு ஒரு நபர் ஆணையம் அமைத்தது. ஓய்வுபெற்ற நீதிபதி அருணா ஜெகதீசன். தூத்துக்குடியில் 2018இல் 13 பேர் சுட்டுக்கொல்லப்பட்டதை விசாரித்தவரும் அவரே. அங்கேயும் முதல் வாரம் 'சமூக விரோதிகள் புகுந்துவிட்டார்கள்' என்பதுதான் பேச்சு. அவர் அறிக்கை அந்தத் துப்பாக்கிச்சூடு தேவையற்றது என்று சொன்னபோது 2022 ஆகிவிட்டது. யாருக்கு ஞாபகம் இருக்கிறது?

செப்டம்பர் 30 அன்று தலைமைச் செயலகத்தில் மூத்த அதிகாரிகள் வீடியோ போட்டுக் காட்டி விளக்கம் கொடுத்தார்கள். அதே நாள் விஜய் ஒரு வீடியோ வெளியிட்டு, பழிவாங்குவதானால் என்னைச் செய்யுங்கள் சி.எம். சார் என்றார். டிவியில் இரண்டையும் மாறி மாறி ஓட்டினார்கள். சதியா, கவனக்குறைவா, கரண்ட்டை யார் நிறுத்தினார்கள், ஆம்புலன்ஸ் ஏன் வந்தது. இரண்டு கட்சிக்காரர்களும் ஆளுக்கொரு மண்வெட்டியோடு வரப்பில் நின்றார்கள். வதந்தி பரப்பியதாகச் சிலர் கைதானார்கள். அரசு பத்து லட்சம், கட்சி இருபது லட்சம் என்று அறிவிப்பு. அக்டோபர் 13 அன்று உச்ச நீதிமன்றம் வழக்கை சிபிஐக்கு மாற்றி, மேலே ஒரு கண்காணிப்புக் குழுவையும் வைத்தது. இத்தனையிலும் டீக்கடையில், பஸ்ஸில், எங்கள் குழுவில் பேச்சு ஒன்றுதான்: குழந்தையை ஏன் தூக்கிட்டுப் போனாங்க. இதில் மட்டும் எல்லாக் கட்சிக்காரர்களும் ஒற்றுமை. இந்தக் கேள்வியால் யாருக்கும் நஷ்டமில்லையே, பிள்ளையைக் கொடுத்தவரைத் தவிர.

கரூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்த எங்கள் அத்தை ஒருவர் குழுவில் உண்டு. எப்போதும் பூப்படமும் காலை வணக்கமும் போடுகிறவர். அன்று என் செய்திக்கு அவர் கட்டைவிரல் போடவில்லை. இரண்டு நாள் கழித்து எனக்குப் போன் செய்தார், வேறு ஏதோ விஷயத்துக்கு. வைக்கும் முன்னால், "ஏன்டா கண்ணு, தேர் பார்க்கப் போறப்ப உன்னையும் உங்கம்மா இடுப்புலதானே தூக்கிட்டுப் போனா? யார்கிட்ட விட்டுட்டுப் போவா?" என்றார். நான் உம் கொட்டினேன்.

ஹில்ஸ்பரோ சட்டம் என்று ஊரே கேட்டுக்கொண்டிருந்த மசோதா, பேரிடருக்குப் பிறகு அதிகாரிகள் உண்மையை மறைத்தால் குற்றம் என்கிற மசோதா, பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அறிமுகமானது 2025 செப்டம்பர் 16 அன்று. கரூருக்குப் பதினொரு நாள் முன்பு. அண்ணை அன்று அந்தச் செய்தியின் இணைப்பை எனக்கு அனுப்பியிருந்தார். நான் ஒரு கைகூப்பல் போட்டுவிட்டு மறந்துவிட்டேன்.

கரூர் நடந்த மறுநாள் காலையில் அவரிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்திருந்தது. பின்னணியில் கடைக் கதவின் மணிச் சத்தம். "தம்பி, நியூஸ் பாத்தன். உங்கட ஊருக்குக் கிட்டத்தானே? உங்கட ஆக்கள் எல்லாரும் சுகம்தானே? ... சனத்திலதான் பிழை எண்டு சொல்லத் தொடங்கிட்டாங்களோ?"

எங்கள் ஆட்கள் எல்லாரும் சுகம் என்று மட்டும் பதில் எழுதினேன்.